மின்காந்தம் கண்ட மருந்துக்கடை மைந்தன் ஏர்ஸ்டெட்

கோப்பன்கேகன் மாநகரின் தென்மேற்கே அமைந்த ஹ்விடோவ்ரே நகரசபையின் எல்லைக்குள், அவெடோரே கடலோரத்தில் பெரியதொரு மின்நிலையம் நிற்கின்றது. அதன் முதலாவது பகுதி 1990ஆம் ஆண்டிலும் இரண்டாவது பகுதி 2001ஆம் ஆண்டிலும் இயங்கத் தொடங்கின. அதனை நடத்தும் கம்பனி 2017ஆம் ஆண்டில் தன் பழைய பெயரைக் கைவிட்டு, ஏர்ஸ்டெட் என்னும் பெயரைச் சூடிக்கொண்டது. தலைநகரின் நடுவே அதே பெயரில் ஒரு பூங்கா உண்டு. அங்கே அவருக்குச் சிலையும் உண்டு. 1999ஆம் ஆண்டு பெப்ரவரியில் டென்மார்க் விண்ணுக்கு அனுப்பிய தனது முதலாவது செய்மதிக்கும் அப்பெயரையே இட்டது.

இப்பெயரை நாள்தோறும் தெருப்பலகையில் காணும் எம்மவரில் பலர், அது ஒரு மனிதரின் பெயர் என்பதையே அறியார். அம்மனிதர் 200 ஆண்டுகளுக்கு முன் கண்ட உண்மையொன்று, இன்று எம் முதியோர் சிலரின் தோலுக்கு அடியிலேயே வேலை செய்துகொண்டிருக்கின்றது. பாக்கின்சன் நோயால் கை நடுங்கும் ஒருவருக்கு, அல்லது தீராத நாரிவலியால் துன்புறும் ஒருவருக்கு, உடலினுள் பதிக்கப்படும் சிறு கருவிகள் சிலவற்றின் பற்றரி, கம்பி எதுவும் உடலைத் துளைக்காமல், வெளியிலிருந்தே மின்னேற்றப்படுகின்றது. இது எங்ஙனம் இயலுகின்றது என்று கேட்போர்க்கு விடை கூறவேண்டுமாயின், ஏர்ஸ்டெட்டின் வாழ்விலிருந்தே தொடங்கவேண்டும்.

சிகை செய்பவர் வீட்டில் கல்வி

ஹான்ஸ் கிறிஸ்டியன் ஏர்ஸ்டெட் 1777ஆம் ஆண்டு ஓகஸ்ட் 14ஆம் நாள், லாங்கலாண்ட் தீவிலுள்ள ரூட்கோபிங் என்னும் சிறு பட்டினத்தில் பிறந்தார். தந்தையார் அவ்வூரின் மருந்துக்கடைக்காரர். கடையும் குடும்பமும் பெருகியபோது, மூத்த பிள்ளைகள் இருவரையும் கவனிக்கப் பெற்றோருக்கு நேரம் போதவில்லை. எனவே ஹான்சும் அவருக்கு அடுத்தவரான அண்டர்ஸ் சான்டோவும், பொய்ச்சிகை செய்து விற்ற ஒரு ஜேர்மானியரின் வீட்டிலே பகற்பொழுதில் விடப்பட்டனர். அத்தம்பதியரிடம் சிறுவர்கள் வாசிக்கவும் ஜேர்மன் பேசவும் கற்றனர். கணக்கிலோ கூட்டலும் கழித்தலும் கற்றதோடு அந்த ஆசானின் அறிவு தீர்ந்துவிட்டது. மிகுதியை ஊரில் யார் யார் எதை அறிந்திருந்தார்களோ அவரவரிடம் சென்று கேட்டுக் கற்றனர். ஒருவர் கற்றதை மற்றவருக்குச் சொல்லிக்கொடுப்பது அவ்விரு சகோதரர்களின் வழக்கமாயிற்று.

பதினொரு, பன்னிரண்டு வயதளவில் ஹான்ஸ் தந்தையின் கடையில் உதவிக்கு நின்றார். மருந்து அரைப்பதும் வடிப்பதும் நிறுப்பதும் அவருக்கு இரசாயனத்தின் அரிச்சுவடியாயின. முறையான பள்ளிக்கூடம் ஒன்றின் வாசலை மிதியாத இவ்விருவரும், 1793ஆம் ஆண்டில் தலைநகர் சென்று, பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் சிறப்புடன் தேறினர். 1797இல் மருந்தாளர் தேர்வில் உயர்சித்தி பெற்ற ஹான்ஸ், 1799இல் தத்துவஞானி காண்டின் இயற்கைக் கொள்கையை ஆராய்ந்து கலாநிதிப் பட்டமும் பெற்றார். இயற்கையின் ஆற்றல்கள் பலவாகத் தோன்றினும் அடியில் அவை ஒன்றே என்ற எண்ணம் அப்பொழுதே அவருள் வேரூன்றிற்று.

அத்தம்பியைப் பற்றியும் இங்கு ஒரு சொல் கூறவேண்டும். அண்டர்ஸ் சான்டோ சட்டம் பயின்று, நாட்டின் பெருஞ் சட்ட அறிஞராகி, 1853இல் பிரதமரும் ஆனார். பின்னர் தம் ஆட்சிக்காலச் செயல்களுக்காக, அமைச்சர்களை விசாரிக்கும் உயர் நீதிமன்றமான ரிக்ஸ்ரெட்டின் முன் நிறுத்தப்பட்டு, 1856இல் விடுவிக்கப்பட்டார். அதே மன்றந்தான் 1995ஆம் ஆண்டில், ஈழத்தமிழ் அகதிகளின் குடும்பங்கள் ஒன்றுசேர்வதைச் சட்டத்துக்கு மாறாகத் தடுத்துவைத்த முன்னாள் நீதியமைச்சர் எரிக் நின் ஹன்சனைக் குற்றவாளியெனக் கண்டு, ஒத்திவைக்கப்பட்ட நான்கு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. எம்மவர் வரலாறும் ஏர்ஸ்டெட் குடும்பத்தின் வரலாறும் இவ்வாறு ஒரே மன்றத்தின் ஏடுகளில் இடம்பெற்றுள்ளன.

தோல்வி புகட்டிய பாடம்

1800ஆம் ஆண்டில் இத்தாலியரான வோல்ட்டா, இரு வேறு உலோகத் தட்டுகளை ஈரத்துணி இடையிட்டு அடுக்கி, இடையறாது மின்சாரம் தரும் மின்கலவடுக்கை உலகுக்கு அறிவித்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர்தான், இறந்த தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதைக் கல்வானி கண்டிருந்தார். மின்சாரத்துக்கும் உயிருக்கும் ஏதோ உறவு உண்டென்ற வியப்பு ஐரோப்பாவெங்கும் பரவியிருந்த காலம் அது. கோப்பன்கேகனில் ஒரு மருந்துக்கடையைப் பொறுப்பேற்று நடத்திவந்த ஏர்ஸ்டெட்டும் தாமே ஒரு சிறிய மின்கலவடுக்கை அமைத்துச் சோதனைகளில் இறங்கினார்.

1801ஆம் ஆண்டு முதல் அவர் ஜேர்மனி, ஒல்லாந்து, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் கல்விப் பயணம் மேற்கொண்டார். யேனா நகரின் சூழலில் யோகான் வில்கெல்ம் ரிட்டர் என்னும் இளம் ஆராய்ச்சியாளரின் நட்பு வாய்த்தது. ரிட்டர் தம் உடலையே ஆய்வுகூடமாக்கி, கண்ணிலும் நாவிலும் மின்சாரத்தைப் பாய்ச்சிப் பார்த்தவர். 33ஆவது வயதிலேயே மறைந்தவர். கூர்மையும் கற்பனையும் ஒருங்கே பெற்ற அவருடைய கூற்றுகளிற் சில உண்மையாயின. சில வெறும் ஊகங்களாயின. இளமையின் வேகத்தில் ஏர்ஸ்டெட் இரண்டையும் ஒருசேர ஏற்றுக்கொண்டார். ரிட்டரின் சார்பில் பரிசு பெற்றுத்தரவென்று பாரிசின் அறிஞர் முன் அவர் எடுத்துவைத்த கூற்று, சோதனையில் நிறுவப்படாது போயிற்று. வின்ரேல் என்னும் அங்கேரிய இரசாயனவியலாளரின் கொள்கையைப் புகழ்ந்து பரப்பினார். அதுவும் ஆதாரமற்றதெனத் தெரியவந்தது.

1804இல் நாடு திரும்பியவருக்கு, விரும்பிய பேராசிரியர் பதவி கிட்டவில்லை. கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்கு விரிவுரை நிகழ்த்தியே வாழ்வை ஓட்டினார். அவ்விரிவுரைகளுக்குக் கூட்டம் திரண்டமையால் 1806இல் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. கண்டதைத் திரும்பத் திரும்பச் சோதித்து, பலர் அறிய நிறுவிய பின்னரே வாய்திறக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை அவர் கற்றுக்கொண்டது பாரிசின் அந்தத் தலைகுனிவிலேதான் என்று கருத இடமுண்டு. பிற்காலத்தில் அக்கட்டுப்பாடே அவருக்குப் புகழைத் தேடித்தந்தது.

அவர் ஆசிரியத் தொழில் தொடங்கிய நாடு செழிப்பான நாடு அன்று. 1807 செப்டெம்பரில் பிரித்தானியக் கடற்படை கோப்பன்கேகன்மீது மூன்று இரவுகள் குண்டுமாரி பொழிந்தது; நகரின் ஒரு பகுதி எரிந்தது; பொதுமக்கள் பலர் மாண்டனர். 1813இல் அரசே வங்குரோத்து நிலையை அறிவித்தது. அடுத்த ஆண்டில் நோர்வே டென்மார்க்கின் கையைவிட்டுப் போயிற்று. குண்டுவீச்சும் பஞ்சமும் எத்தகையன என்று எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அத்தகைய காலத்திலும் ஒருவர் மின்கலங்களுக்கு அமிலம் ஊற்றிக்கொண்டும், மாணவர்க்குப் பாடம் சொல்லிக்கொண்டும் இருந்தார் என்பதையே நாம் கருத்திற்கொள்ள வேண்டும்.

மிளகும் காந்த ஊசியும்

எமக்கு உவப்பான செய்தியொன்று 1819ஆம் ஆண்டைச் சார்ந்தது. அவ்வாண்டில் ஏர்ஸ்டெட் மிளகை ஆராய்ந்து, அதன் உறைப்புக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தார். பிப்பெரின் என்பது அதன் பெயர். எம் வீடுகளில் இரசத்துக்கு இடிக்கும் மிளகின் காரத்துக்கு இரசாயன முகவரி தேடிக்கொடுத்தவர் இந்த டேனியரே. அக்காலத்தில் தமிழகத்தின் தரங்கம்பாடி டேனியரின் ஆட்சியில் இருந்தது. 1620இல் அவர்கள் அங்கே காலூன்றியதும் மிளகு முதலிய கீழைத்தேய வணிகத்தை நாடியே. 1845இலேயே அதனைப் பிரித்தானியருக்கு விற்றனர்.

அடுத்த ஆண்டு அவரது பெயர் உலகறிந்ததாயிற்று. மின்னல் தாக்கிய கப்பல்களில் திசைகாட்டியின் ஊசி முனை மாறிப்போவதைக் கடலோடிகள் நெடுங்காலமாகக் கண்டுவந்தனர். மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் தொடர்பு இருத்தல் வேண்டும் என ஏர்ஸ்டெட் பல ஆண்டுகளாக எண்ணி எழுதியும் இருந்தார். 1820ஆம் ஆண்டு இளவேனிற் காலத்தில், மாணவர்க்கு விரிவுரை நிகழ்த்திக்கொண்டிருந்த மாலையொன்றில், மெல்லிய பிளாற்றினக் கம்பியொன்றில் மின்சாரத்தைச் செலுத்தி, அதனருகே கண்ணாடியால் மூடிய திசைகாட்டியொன்றை வைத்தார். ஊசி சற்றே அசைந்தது. அசைவு மிகச் சிறியதாயிருந்தமையால், அவையிலிருந்தோர் எவருக்கும் அது பெரிதாகத் தோன்றவில்லை.

பாரிசின் பாடத்தை அவர் மறந்திருக்கவில்லை. உடனே பறைசாற்றாது ஏறத்தாழ மூன்று மாதங்கள் பொறுத்திருந்தார். பின்னர் 20 செப்புத் தொட்டிகளைக் கொண்ட வலிய மின்கலவடுக்கொன்றை அமைத்து, நம்பத்தகுந்த சாட்சிகளை அருகிருத்தி, சோதனையைப் பல முறை மாற்றி மாற்றிச் செய்தார். 1820 யூலை 21ஆம் நாள், நான்கே பக்கங்கொண்ட இலத்தீன் மொழி அறிக்கையொன்றை அச்சிட்டு ஐரோப்பாவின் அறிவுக்கழகங்களுக்கெல்லாம் அனுப்பினார்.

அவ்வறிக்கையில் இரு செய்திகள் எம் கவனத்துக்குரியவை. ஒன்று, மின்னோட்டத்தின் காந்த விளைவு கம்பியின் நெடுக்கே செல்லாமல், அதனைச் சுற்றி வட்டமிடுகின்றது என்பது. மற்றையது, கம்பிக்கும் ஊசிக்கும் நடுவே கண்ணாடி, உலோகம், மரம், நீர், குங்கிலியம், மட்கலம், கல் என எதை வைத்தாலும் அவ்விளைவு அவற்றைக் கடந்து செல்கின்றது என்பது. மின்சாரம் பாய்வதற்குக் கம்பி வேண்டும். ஆயின் மின்சாரம் எழுப்பும் காந்தப்புலத்துக்கு மரமும் நீரும் தடையல்ல. ஒரு நாள் மனிதத் தோலும் தசையும் அந்த வரிசையில் சேரும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

லண்டன் வேத்தியற் கழகம் அவ்வாண்டே கொப்ளி பதக்கத்தை அவருக்கு வழங்கியது. பிரான்சின் விஞ்ஞானக் கழகம் 3,000 பிராங் பரிசளித்தது. செய்தி கேட்ட சில கிழமைகளுக்குள் பாரிசில் அம்பியர் அவ்விளைவுக்குக் கணித வடிவம் கொடுக்கத் தொடங்கினார். கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழில் பயின்று, ஆராய்ச்சியாளராய் உயர்ந்த மைக்கேல் ஃபரடே, 1831 ஓகஸ்டில் ஏர்ஸ்டெட் கண்ட உறவைத் திருப்பி நிறுத்தினார். மின்சாரம் காந்தப்புலத்தை எழுப்புமாயின், மாறுகின்ற காந்தப்புலம் மின்சாரத்தை எழுப்ப வேண்டும் அன்றோ? ஒன்றையொன்று தொடாத இரு கம்பிச் சுருள்களில், ஒன்றின் மின்னோட்டம் மாறும்போது மற்றதிலும் மின்சாரம் தோன்றுவதை அவர் காட்டினார். மின்காந்தத் தூண்டல் என நாம் பள்ளியிற் படித்தது இதுவே. அவெடோரேயின் மின்பிறப்பாக்கிகள் சுழல்வதும் இவ்விதியின்படியே.

காலணி மெருகுத் தகரத்தில் வார்த்த கருவி

ஏர்ஸ்டெட்டின் ஊசி அசைந்து 138 ஆண்டுகள் கழிந்தபின், அவ்வசைவின் பயன் மனித நெஞ்சைச் சென்றடைந்தது. அண்டை நாடான சுவீடனின் ஸ்டொக்கோம் அருகே, கரோலின்ஸ்கா வைத்தியசாலையில், 1958 ஒக்டோபர் 8ஆம் நாள் அது நிகழ்ந்தது. ஆர்ன லார்சன் என்னும் 43 வயதினரின் இதயம் அடிக்கடி துடிப்பை நிறுத்தியது. ஒரு நாளில் பலமுறை மயங்கி விழுந்தார். துடிப்பைத் தூண்டும் கருவிகள் அன்று இருந்தன. ஆயின் அவை உடலுக்கு வெளியே இருந்தன. அவற்றின் கம்பிகள் தோலைத் துளைத்து உள்ளே சென்றன; துளை வழியே கிருமிகளும் சென்றன. லார்சனின் மனைவி, கருவியை முழுவதுமாக உடலுக்குள் வைக்க வழி தேடும்படி வைத்தியரையும் பொறியியலாளரையும் விடாது வற்புறுத்தினார்.

ரூன எல்ம்குவிஸ்ட் என்னும் பொறியியலாளர் கருவியைச் செய்தார். ஓக செனிங் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் அதனைப் பதித்தார். காலணி மெருகு வைக்கும் சிறு தகரப் பேணியையே அச்சாகக் கொண்டு, மின் உறுப்புகளைச் செயற்கைப் பிசினில் வார்த்தெடுத்தனர். உள்ளே நிக்கல் கட்மியம் மின்கலங்கள் இருந்தன. அவை தீர்ந்தால் மின்னேற்றுவது எங்ஙனம்? உடலுக்கு வெளியே ஒரு சுருள், உள்ளே ஒரு சுருள்; ஏர்ஸ்டெட்டும் ஃபரடேயும் காட்டிய வழியே. ஆகவே உலகில் மனிதருக்கு முழுமையாகப் பதிக்கப்பட்ட முதலாவது இதயத் துடிப்புச் சீராக்கியே கம்பியின்றி மின்னேற்றப்படும் கருவியாய் இருந்தது. அது சில மணி நேரமே இயங்கிற்று. மாற்றுக் கருவியொன்று பதிக்கப்பட்டது. பின்னர் இருபதுக்கு மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றி ஏந்தி வாழ்ந்த லார்சன், 2001இல் தமது 86ஆவது வயதிலேயே, வேறொரு நோயால் இறந்தார். கருவியைச் செய்தவரும் பதித்தவரும் அவருக்கு முன்னரே காலமாகிவிட்டனர்.

1970களில் நெடுங்காலம் நீடிக்கும் இலிதியம் அயடீன் மின்கலம் வந்தபின், இதயத்துக்கான கருவிகளில் மின்னேற்றும் முறை கைவிடப்பட்டது. உயிரே தங்கியிருக்கும் கருவிக்கு மின்னேற்ற மறந்துபோகும் நோயாளியை நம்பியிருப்பது ஆபத்து அல்லவா? இன்று பேஸ்மேக்கர் ஏந்தியிருப்போருள் ஏறத்தாழ எல்லோரும் அதனை மின்னேற்ற வேண்டியதில்லை. மின்கலம் தீரும் காலம் நெருங்கும்போது சிறு சத்திரசிகிச்சையால் மாற்றிக்கொள்வர். ஆயின் முண்ணாணையும் மூளையையும் இடையறாது தூண்டும் கருவிகள் மின்சாரத்தை அதிகமாக உண்பன. அவற்றுள் மின்னேற்ற இயலாத மூளைத் தூண்டிகள் பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் மாற்றவேண்டியனவாக, மின்னேற்றத்தக்கன 15 ஆண்டுகளும் அதற்கு மேலும் நிலைக்க வல்லன. முதியவர் ஒருவருக்கு இரண்டு மூன்று சத்திரசிகிச்சைகள் தவிர்வது சிறு காரியமன்று.

அம்முறை விளங்குதற்கு அரியதும் அன்று. மின்னேற்றியின் சுருளில் திசை மாறி மாறிப் பாயும் ஆடலோட்டம் செலுத்தப்படுகின்றது. அதனால் எழும் காந்தப்புலம் கணந்தோறும் மாறியவாறு தோலைக் கடந்து, உள்ளேயுள்ள சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகின்றது. கருவி அதனை நேரோட்டமாக்கிப் பற்றரியில் சேமிக்கின்றது. இரு சுருள்களும் நேருக்கு நேர் அமைந்து, இடைவெளி சிறிதாயிருந்தால் மின்னேற்றம் விரைவாகும், விலகினால் மந்தமாகும். எனவேதான் மின்னேற்றியை உரிய இடத்தில் பொருத்தி, அசையாது அமர்ந்திருக்கச் சொல்கின்றனர். இளஞ்சூடு தோன்றுவது இயல்பு. சுடுமளவுக்குப் போனால் நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்கு அறிவிக்கவேண்டும். செவிப்புலனற்ற குழந்தைகளுக்குப் பொருத்தும் உட்செவிக் கருவியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. காதின் பின்புறத்தே ஒட்டியிருக்கும் வெளிச்சுருளே உள்ளிருக்கும் கருவிக்கு ஒலிச் செய்தியையும் மின்சாரத்தையும் ஒருங்கே கொடுக்கின்றது.

தாய்மொழிக்குச் சொல் தந்தவர்

மீண்டும் ஏர்ஸ்டெட்டிடம் வருவோம். 1824இல் அவர் இயற்கை விஞ்ஞானத்தைப் பொதுமக்களிடையே பரப்பும் கழகம் ஒன்றை நிறுவினார். தலைநகரிலும் பிற நகரங்களிலும் கைவினைஞரும் வணிகரும் கேட்கும் வண்ணம் விரிவுரைகள் நடந்தன. 1825இல் அலுமினியம் குளோரைட்டைப் பொற்றாசியம் கலந்த பாதரசத்துடன் சூடாக்கி, வெள்ளீயம் போன்ற ஓர் உலோகத் துண்டைப் பெற்றார். இன்று சமையற் பாத்திரமாகவும் விமானமாகவும் விளங்கும் அலுமினியம் முதன்முதல் பிரித்தெடுக்கப்பட்டது அவ்வாறே. 1829இல் அவரது முயற்சியால் கோப்பன்கேகனில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றிற்று. இன்று எம் பிள்ளைகள் பலர் பொறியியல் பயில விரும்பும் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அதன் வளர்ச்சியே.

தம் பெருங் கண்டுபிடிப்பை இலத்தீனில் அறிவித்தவர், தம் மக்களுக்கு விஞ்ஞானத்தை டேனிய மொழியிலேயே சொல்ல விரும்பினார். ஆயின் சொற்கள் இல்லை. ஆகவே சொற்களைத் தாமே ஆக்கினார். ஒட்சிசனுக்கு இல்ட், ஐதரசனுக்கு பிரின்ட் என அவர் இட்ட பெயர்கள், நெருப்பையும் எரிதலையும் குறிக்கும் நாட்டுச் சொற்களிலிருந்து பிறந்தவை. இன்றும் டென்மார்க்கின் பள்ளிப் பிள்ளைகள் அவ்வாறே சொல்கின்றனர். எம் பிள்ளைகளும் அவ்வாறே கற்கின்றனர். அவர் மொழிக்கு ஈந்த சொற்கள் 2,000க்கு மேற்பட்டன என்பர்.

1819இல் 14 வயது ஏழைச் சிறுவனாகத் தலைநகர் வந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சனுக்கு ஏர்ஸ்டெட்டின் இல்லம் ஒரு புகலிடமாயிற்று. சிறுவர் கதைகளே அண்டர்சனுக்கு அழியாப் புகழ் தரும் என்று முன்கூட்டிக் கண்டவர்களுள் ஏர்ஸ்டெட்டும் ஒருவர். 1814இல் மணம்புரிந்து பல மக்களைப் பெற்ற அவர், 1815 முதல் இறக்கும்வரை டேனிய விஞ்ஞானக் கழகத்தின் செயலாளராய்ப் பணியாற்றினார். 1850 நவம்பரில் அவரது பல்கலைக்கழகப் பணியின் பொன்விழாவை நாடு கொண்டாடியது. பிரெட்ரிக்ஸ்பேர்க் பூங்காவிலுள்ள மாளிகையொன்று அவர் வாழ்வதற்கென அளிக்கப்பட்டது. அங்கே குடியேறுமுன், 1851 மார்ச் 9ஆம் நாள் அவர் காலமானார். கோப்பன்கேகனின் அசிஸ்டென்ஸ் இடுகாட்டில் அவர் உறங்குகின்றார்.

நாம் செய்யவேண்டுவது

1976இல் திறக்கப்பட்ட ஹ்விடோவ்ரே வைத்தியசாலையில் காந்த அதிர்வுப் படப்பிடிப்புக்கான தேசிய ஆய்வு நிலையம் இயங்கிவருகின்றது. தலைக்கு அருகே சுருளொன்றைப் பிடித்து, காந்தத் துடிப்பை மண்டையோட்டின் ஊடாகச் செலுத்தி, மூளையில் மெல்லிய மின்னோட்டத்தைத் தூண்டும் ஆய்வுகளும் அங்கு நடைபெறுகின்றன. கண்ணாடியையும் மரத்தையும் கடந்த அதே ஆற்றல் அங்கே மனித எலும்பைக் கடக்கின்றது.

ஆற்றல் உடலைக் கடக்கும் என்பதனாலேயே எச்சரிக்கையும் வேண்டும். உடலில் மின்கருவி உள்ளவர்கள் காந்தப் படப்பிடிப்புக்குச் செல்லுமுன் அதனைக் கட்டாயம் அறிவித்தல் வேண்டும். கருவியின் விபரம் பொறித்த அட்டையை எந்நேரமும் உடன் வைத்திருத்தல் வேண்டும். காந்தம் பொருந்திய கைத்தொலைபேசியை நெஞ்சுப் பையில் வைக்காது, கருவியிலிருந்து 15 சென்ரிமீற்றராவது தள்ளி வைக்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் கூறுகின்றது. இந்நாட்டுச் சமையலறைகளில் இன்று பரவலாகவுள்ள தூண்டல் அடுப்பும் ஃபரடேயின் விதிப்படி சட்டியைச் சூடாக்குவதே. பேஸ்மேக்கர் உள்ளவர்கள் அதிலிருந்து 60 சென்ரிமீற்றர் விலகியிருப்பது நன்று எனப் பிரித்தானிய இதய அறக்கட்டளை அறிவுறுத்துகின்றது. அஞ்சி அடுப்படியையே துறக்க வேண்டியதில்லை. நெஞ்சை அடுப்பின்மேல் சாய்க்காதிருந்தாற் போதும். ஒவ்வொருவரின் கருவிக்கும் உரிய விதியை அவரவர் வைத்தியரே சொல்வார்.

அவர் சொல்வது எம் முதியோருக்கு விளங்குகின்றதா என்பதே நாம் இக்கட்டுரையில் எழுப்ப விரும்பும் கேள்வி. மூன்று ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டில் வாழ்ந்தவர்கள், வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளரின் உதவிக்குக் கட்டணம் செலுத்தவேண்டும் என்ற விதி 2018 யூலையில் நடைமுறைக்கு வந்தது. கட்டணத்துக்கு அஞ்சிய பல வீடுகளில் அப்பணி பேரப்பிள்ளைகளின் தலையில் விழுந்தது. டேனிய மொழியைச் சரளமாகப் பேசும் அப்பிள்ளைக்கு, மின்னேற்றம், தூண்டல், காந்தப்புலம் என்பவற்றைத் தமிழிற் சொல்லத் தெரியாது. அவை தெரிந்த தாத்தாவுக்கு டேனிய மொழி தெரியாது. நடுவே இருப்பது நோயாளியின் உயிர்.

இவ்விடைவெளியை நிரப்பும் வழி எமக்குப் புதியதன்று. 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்து, பின்னர் மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்று நூல்களையும் இரசாயன நூலையும் தமிழாக்கினார். இல்லாத சொற்களை ஆக்கினார். ஏர்ஸ்டெட் டென்மார்க்கில் தம் மக்களுக்குச் செய்ததை, அவர் மறைந்த சில ஆண்டுகளுக்குள் பிறநாட்டவர் ஒருவர் எம் மண்ணில் எம் மொழிக்குச் செய்தார். இன்று அப்பொறுப்பு எம்முடையது.

எமது சங்கங்களும் வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளும் பேச்சுப் போட்டிகளுக்கு ஒதுக்கும் நேரத்திற் சிறிதை இதற்கும் ஒதுக்குமாறு வேண்டுகின்றோம். உடலுறுப்புகள், நோய்கள், கருவிகள் ஆகியவற்றின் டேனியப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் அருகருகே எழுதிய சிறு கையேடொன்றை, இங்கு பணிபுரியும் எம் இளம் வைத்தியர்களும் தாதியரும் மூத்த தமிழாசிரியர்களும் கூடியிருந்தால் சில மாதங்களில் ஆக்கிவிடலாம். பொய்ச்சிகை செய்பவரிடம் எழுத்தும், ஊராரிடம் கணக்கும் கற்று, ஒருவர் அறிந்ததை மற்றவருக்குச் சொல்லிக்கொடுத்தே அச்சகோதரர் இருவரும் உயர்ந்தனர். பேரப்பிள்ளையிடம் டேனிய மொழி இருக்கின்றது; தாத்தாவிடம் தமிழ் இருக்கின்றது. இருவரையும் ஒரு மேசையில் அமர்த்தும் பணியை வரும் விடுமுறையிலேயே தொடங்குவோம்.